செஞ்சி மாணாக்கரும் ஆங்கிலப் பயிற்சியும்

ஒரு மொழியைத் தாய்மடியிற் கற்பது வேறு. பள்ளியிற் கற்பது வேறு. முன்னது மூச்சு விடுதல் போல முயற்சியின்றி அமைவது. பின்னது கிணறு வெட்டுதல் போல நாடோறும் சிறிது சிறிதாகத் தோண்டிப் பெறுவது. நம் மாணாக்கருட் பெரும்பாலார்க்கு ஆங்கிலம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. நகரத்துப் பிள்ளைகள் சிலர்க்கு அது வீட்டிலும் வீதியிலும் செவிப்படுதலின் எளிதிற் கைவருகின்றது. சிற்றூரிற் பிறந்து, தமிழ் வழியிற் பயின்று, பாடப் புத்தகத்திலன்றி வேறெங்கும் ஆங்கிலத்தை மிகுதியாகக் காணாத உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் அதன் இலக்கணத்தையும் வாசிப்பையும் எழுத்தையும் எவ்வாறு பயிலல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. ஆராய்ச்சி அந்தரத்தில் நில்லாதிருத்தற்பொருட்டுச் செஞ்சி நகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

திண்டிவனத்திற்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்தது செஞ்சி. சூழவுள்ள ஊர்களில் நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிராகின்றன. அவ்வூர்களினின்றும் பிள்ளைகள் நகரத்துப் பள்ளிகட்கு வருகின்றனர். அவர்கள் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தை நூறு மதிப்பெண்ணுக்குரிய ஒரு பாடமாக எழுதுகின்றனர்; கணிதம், விஞ்ஞானம், சரித்திரம் ஆகிய ஏனையவற்றைத் தமிழில் எழுதுவோரும் பலர். பின்னர்க் கலாசாலையிற் புகும்போது நிலைமை திடீரென மாறுகின்றது. பௌதிகமும் இரசாயனமும் ஆங்கில நூல்களில் வந்து நிற்கின்றன. நேற்றுவரை வகுப்பில் முதல்வனாயிருந்த மாணாக்கன் இன்று கடைப் பலகையில் வாய் திறவாது அமர்கின்றான். அவன் அறிவு ஓரிரவிற் குறைந்துவிடவில்லை. அறிவு வெளிப்படும் வாயிலே அடைபட்டது. இவ்வாறு மனந்தளர்ந்து படிப்பையே கைவிடுவாரும் உளர். ஆதலின் இதனை மதிப்பெண்ணைப் பற்றிய செய்தியாக மட்டுங் கொள்ளுதல் பொருந்தாது. ஏழைக் குடும்பமொன்றின் பல்லாண்டு நம்பிக்கை இதனிற் பிணைந்து கிடக்கின்றது.

முன்னோர் கற்ற முறை

வேற்று மொழியைக் கற்கும் வழியை யாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. மேனாட்டினின்று வந்து நம் மொழியைக் கற்ற பெரியோர் அவ்வழியைக் காட்டிச் சென்றுள்ளனர். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையிலமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் பயின்றார். ஐந்தாண்டு செல்வதற்குள், 1711-இல், புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்த்து முடித்தார். இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவர் நம் பேச்சு வழக்கிற்கு இலத்தீனில் இலக்கணம் வகுத்ததோடு, 1732-இல் சதுரகராதியும் தொகுத்தார். 1839-இல் இளைஞராய்ச் சென்னைக்கு வந்த போப்பையர் தம் அறுபத்தாறாம் பிராயத்தில், 1886-இல், திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இம்மூவரும் கையாண்ட கருவிகள் மூன்றே: இலக்கணத்தைத் தெளிதல், நூல்களை வாசித்தல், நாடோறும் எழுதுதல். அவர்களுக்குத் தமிழ் எத்துணைக் கடினமோ அத்துணைக் கடினமே நமக்கு ஆங்கிலம். அவர்கள் மணலில் தொடங்க நாணாதபோது நாம் நாணுதற்கு யாது காரணம் உளது?

எழுத்தும் ஒலியும்

ஆங்கிலத்தின் முதல் இடர்ப்பாடு எழுத்திலேயே தோன்றுகின்றது. தமிழில் எழுதியதை வாசிக்கலாம், வாசிப்பதை எழுதலாம். ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. ஒலிகளோ ஏறக்குறைய 44. இதற்குச் செஞ்சியின் பெயரே நல்ல பாடமாகும். ஆங்கிலத்தில் அதனை எழுதுங்கால் ஜீ, ஐ, என், ஜீ, ஈ, ஈ என ஆறெழுத்து இடுவர். ஜீ என்னும் எழுத்து ‘கோ’, ‘குட்’ என்னும் சொற்களில் ககரமாய் ஒலிக்கின்றது. ‘ஜென்டில்’, ‘ஜயன்ட்’ என்பவற்றில் ஜகரமாய் ஒலிக்கின்றது. இகர எகர ஒலிகளைக் குறிக்கும் எழுத்துக்கள் பின்வரின் அது பெரும்பாலும் ஜகரமாகும் என்பது விதி. ஆயின் ‘கெட்’, ‘கிவ்’ என்பன அவ்விதியை மீறுகின்றன.

மாணாக்கர் இதனைக் கண்டு, ஆங்கிலம் ஒழுங்கற்றது என வெறுத்தல் கூடாது. ஒழுங்கின்மைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜகரமாய் ஒலிப்பன பெரும்பாலும் பிரெஞ்சு, இலத்தீன் வழியாக வந்த சொற்கள். ‘கெட்’, ‘கிவ்’ முதலியன ஜெர்மானியக் குடும்பத்துப் பழஞ்சொற்கள். மேலும், காக்ஸ்டன் என்பார் 1476-இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவிய காலந்தொட்டு எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல நிலைபெற்றது. உச்சரிப்போ தொடர்ந்து மாறிக்கொண்டே சென்றது. ஆதலின் இன்று ‘நைட்’ என்னும் வீரன் பெயரின் முன் ஒலியாத ‘கே’ ஒன்று நிற்கின்றது. முற்காலத்தில் அதுவும் ஒலித்ததே. இவ்வுண்மையை அறிந்தவர், சொற்களைத் தனித்தனியே மனனஞ் செய்யாது, ஒத்த எழுத்துக்கூட்டுடையனவற்றைக் குழுவாகச் சேர்த்து உரக்க வாசித்துப் பழகுவர். பத்துச் சொல்லைப் பத்துத் தனிச்சுமையாகத் தூக்குவதினும் ஒரு கட்டாகத் தூக்குதல் எளிதன்றோ?

இலக்கணம்

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு கற்பதே நம் மாணாக்கர்க்கு ஏற்ற வழி என்பது எம் துணிபு. இரு மொழியும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று அறிந்தால் பாதிப் பிழைகள் தாமே அகலும். இன்றியமையாதன சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, சொற்கிடக்கை. ‘இராமன் யானையைக் கண்டான்’ எனினும், ‘யானையை இராமன் கண்டான்’ எனினும் தமிழிற் பொருள் மாறாது. காணப்பட்டது யானை என்பதை ஐயுருபு காட்டிவிடுகின்றது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அவ்வுருபு இல்லை. எழுவாய் முன்னும், வினை நடுவும், செயப்படுபொருள் பின்னுமாக நிற்றலே உருபின் வேலையைச் செய்கின்றது. இடத்தை மாற்றினால் யானை இராமனைக் கண்டதாகிவிடும். ஆதலின் ஆங்கிலத்தில் இடமே வேற்றுமை எனக் கொள்க.

இரண்டாவது, முன்னிடைச்சொற்கள். நம் உருபுகள் பெயரின் பின் வருவன. ஆங்கிலத்தில் அவற்றிற்கு நிகரானவை பெயரின் முன் வருவன. அன்றியும் நம் ‘இல்’ ஒன்றே செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்னும் மூன்று பகிர்ந்துகொள்ளுகின்றன. சூழ்ந்த இடத்திற்கும், ஆண்டு திங்கள்கட்கும் ‘இன்’. மேற்பரப்பிற்கும், குறித்த நாளுக்கும் ‘ஆன்’. ஒரு புள்ளி போன்ற இடத்திற்கும், மணிக்கும் ‘அட்’. ஆண்டு அகன்றது, நாள் அதனிற் குறுகியது, மணி இன்னுங் குறுகியது என நினைவிற் கொண்டால் இம்மூன்றும் மயங்கா.

மூன்றாவது, ‘ஏ’, ‘அன்’, ‘தி’ என்பன. இவை தமிழில் இல்லை என்று கூறி நம்மவர் அஞ்சுவர். ஆயின் இவற்றின் கருத்து நமக்குப் புதியதன்று. ‘புத்தகம் வாங்கினான்’ என்றால் யாதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினான்’ என்றால் முன்பே நாம் அறிந்த புத்தகம். முன்னதற்கு ஆங்கிலத்தில் ‘ஏ’ வரும்; பின்னதற்குத் ‘தி’ வரும். தமிழ்ப் பிள்ளை ஐயுருபை இட்டும் விட்டும் நாடோறும் காட்டும் வேறுபாடே இது. இனி, உயிர்முதற் சொல்லின் முன் ‘ஓர்’ என்றும், பிறவற்றின் முன் ‘ஒரு’ என்றும் எழுதுகின்றோம். அதுபோன்றதே ‘அன்’, ‘ஏ’ என்னும் வேறுபாடும். ஆங்கிலத்தில் எழுத்தை நோக்காது ஒலியை நோக்கல் வேண்டும் என்பது மட்டுமே மிகை. ‘அவர்’ என ஒலிக்கும் மணியைக் குறித்த சொல் ‘எச்’ எழுத்தில் தொடங்கினும் ‘அன்’ பெறும். ‘யூனிவர்சிடி’ என்பது ‘யூ’ என்னும் உயிரெழுத்தில் தொடங்கினும் ‘ஏ’ பெறும்.

நான்காவது, எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபு. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் காட்டும். ஆங்கில வினையோ நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமைக்கு மட்டும் ‘எஸ்’ ஒன்று பெறும். இவ்வொரு சிறு எழுத்தை விடுதலே நம் விடைத்தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை. ‘தி பாய் ரன்ஸ்’, ‘தி பாய்ஸ் ரன்’ என்னும் இரண்டையும் அருகருகே எழுதிப் பார்க்க: ‘எஸ்’ பெயரில் இருந்தால் வினையில் இல்லை, வினையில் இருந்தால் பெயரில் இல்லை. மரியாதைப் பன்மையும் நம்மை வழுக்கச் செய்யும். ‘ஆசிரியர் வந்திருக்கிறார்கள்’ எனும் வழக்கால் ஒருவரையே பன்மையாக்கி, ‘ஹாஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘ஹாவ்’ எழுதுவர். ஆங்கில வினை மரியாதையை அறியாது, எண்ணையே அறியும்.

ஐந்தாவது, காலம். ‘வந்தான்’, ‘வந்திருக்கிறான்’, ‘வந்திருந்தான்’ என்னும் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒத்த வடிவங்கள் உள்ளன. ஆயினும் ஓரிடத்தில் எச்சரிக்கை வேண்டும். ‘அவன் நேற்று வந்திருக்கிறான்’ என்பது தமிழில் வழங்கும். ‘எஸ்டர்டே’ போன்று முடிந்த காலத்தைக் குறிக்குஞ் சொல் வரின் ஆங்கிலத்தில் ‘ஹாஸ் கம்’ பொருந்தாது. ‘கேம்’ என்றே எழுதுதல் வேண்டும். அவ்வாறே, ‘அறிந்துகொண்டிருக்கிறேன்’ என்னும் பொருளில் ‘ஐ ஆம் நோயிங்’ என எழுதற்க. அறிதல், விரும்புதல் போன்ற நிலைவினைகட்கு ‘ஐ நோ’ என்னும் தனிநிலையே அமையும்.

ஆறாவது, தோன்றா எழுவாயும் தோன்றாப் பயனிலையும். ‘வந்தேன்’ எனின் நமக்கு முழு வாக்கியம். ‘இவர் ஆசிரியர்’ எனினும் முழு வாக்கியம். ஆங்கில வாக்கியத்திற்கோ எழுவாயும் வேண்டும், வினையும் வேண்டும். ஆதலின் முன்னதில் ‘ஐ’ என்பதையும், பின்னதில் ‘இஸ்’ என்பதையும் மறவாது சேர்க்க.

ஏழாவது, பெயரெச்சத் தொடர். ‘தேசிங்கு ஏறிய குதிரை’ என்பதில் எச்சம் பெயருக்கு முன் நிற்கின்றது. ஆங்கிலத்தில் குதிரை முன் வந்து, ‘விச்’ என்னும் இணைப்புச் சொல்லின் பின் தேசிங்கு ஏறிய செய்தி வரும். நீண்ட தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்கப் புகுவோர் முதலிற் கடைசியிலுள்ள வினைமுற்றைக் கண்டுபிடிக்க. அதன் எழுவாயைத் தேடி அவ்விரண்டையும் சேர்க்க. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் பின்னிணைக்க. நெசவாளர் முதலிற் பாவை ஓட்டிப் பின்னரே ஊடையைக் கோப்பது போன்றது இது.

சீனத்து மாணாக்கரோடு ஒப்புநோக்கல்

ஈண்டுச் சீன தேசத்து உயர்நிலைப் பள்ளி மாணாக்கரை நினைத்துப் பார்த்தல் பயனுடையது. அங்குக் கலாசாலை நுழைவுத் தேர்வில், பெரும்பாலான மாகாணங்களில், மொத்த மதிப்பெண் 750; அவற்றுள் 150 அயல்மொழிக்கு உரியன; அவ்வயல்மொழி மிகப் பலர்க்கு ஆங்கிலமே. எனவே சிற்றூர்ச் சீன மாணாக்கனுக்கும் செஞ்சி மாணாக்கனுக்கும் கவலை ஒன்றே.

ஆயின் அவர்கள் இடர்ப்படும் இடங்கள் வேறு. சீன வினைச்சொல் காலத்தாலும் இடத்தாலும் உருத்திரிவதில்லை. பெயர்ச்சொல்லும் பெரும்பாலும் ஒருமை பன்மை காட்டுவதில்லை. ஆதலின் ‘கோ’, ‘கோஸ்’, ‘வென்ட்’ என ஒரு வினை மூன்று வடிவு கொள்ளுதல் அவர்க்குப் பெருவியப்பு. அவன், அவள் என்னும் இரண்டும் சீனப் பேச்சில் ‘தா’ என ஒன்றாகவே ஒலித்தலின், பேசும்போது ‘ஹி’, ‘ஷி’ என்பவற்றை அவர் மயங்குவர். நமக்கு இவ்விரு தொல்லையும் இல்லை. காலங்காட்டும் வினையும், ஆண்பால் பெண்பால் வேறுபாடும் நம் மொழியிலேயே உள்ளன. மறுபுறம், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் ஆங்கில முறை சீனத்திலும் உண்டு. அதனால் நம்மைத் தடுக்கும் சொற்கிடக்கை அவரை அத்துணைத் தடுப்பதில்லை. ‘ஏ’, ‘தி’ என்பவற்றில் இருசாராரும் ஒருங்கே இடர்ப்படுகின்றோம். மா சியன்சோங் என்னும் சீன அறிஞர் 1898-இல் மேனாட்டு முறையைத் தழுவித் தம் மொழிக்கு இலக்கணம் இயற்றினார். தம் மொழியின் அமைப்பை அறிதல் பிறமொழிக் கல்விக்கும் படியாகும் என்னும் கருத்துடையார் அவர். தொல்காப்பியமும் நன்னூலும் உடைய நாம் அப்படியை முன்னரே பெற்றிருக்கின்றோம். அதில் ஏறாதிருத்தலே நம் குறை.

அவரிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்க வழக்கமும் ஒன்றுண்டு. சீனப் பள்ளிகளிற் காலைப் பாடம் தொடங்குமுன் மாணாக்கர் உரக்க வாசிக்கின்றனர். நம் திண்ணைப் பள்ளிகளிலும் இவ்வழக்கம் இருந்ததே. உரக்க வாசித்தலால் கண், நா, செவி மூன்றும் ஒருங்கே பழகுகின்றன. நாடோறும் பத்து நிமிஷம் இதற்குப் போதும்.

வாசிப்பு

இலக்கணம் எலும்பெனின் வாசிப்பு ஊனாகும். மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கில ஆசிரியர் டாக்கா நகரில் பணியாற்றிய காலத்தில், இருமொழிக் கல்வி பற்றி 1926-இல் நூலொன்று வெளியிட்டார். பல மாணாக்கர் படிப்பை இடையிலே நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நின்றவர் கையில் மிஞ்சும் பயன் யாது என்பது அவர் எழுப்பிய வினா. பேச்சும் இலக்கணமும் அரைகுறையாய் நின்றால் விரைவில் மறந்துபோகும். வாசிக்குந் திறனோ எவ்வளவு பெற்றாலும் அவ்வளவிற்குப் பயன் தந்துகொண்டேயிருக்கும் என்பது அவர் கண்ட முடிபு. அவர் 1953-இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியில் உள்ளவை ஏறக்குறைய 2,000 தலைச்சொற்கள். இவற்றை நன்கு அறிந்தவன் எளிய உரைநடையின் பெரும்பகுதியை விளங்கிக்கொள்வான். நாளொன்றுக்கு மூன்று சொல் பயின்றால் இரண்டாண்டிற்குள் இவ்வெல்லையை எட்டலாம்.

எதனை வாசிப்பது? முன்னரே பொருள் தெரிந்ததனை வாசிக்க. தமிழிற் பன்முறை வாசித்த நல்ல சமாரியன் கதையை ஆங்கில வேதாகமத்தில் வாசிக்கும் கிறிஸ்தவ மாணாக்கனுக்கு அகராதியின் துணை மிகுதியும் வேண்டுவதில்லை. பொருளே சொல்லை விளக்கும். இதற்கு 1611-ஆம் ஆண்டுப் பழைய பெயர்ப்பை விடுத்து, இக்காலத்து எளிய பெயர்ப்பொன்றைக் கொள்க. இல்லையெனில் வழக்கொழிந்த சொற்கள் நடையிற் புகும். ஏனையோர் தாம் அறிந்த புராண இதிகாசக் கதைகளையும் பஞ்சதந்திரக் கதைகளையும் எளிய ஆங்கிலத்தில் வாசிக்கலாம். அடுத்த படியாக, ஆர். கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ போன்ற நூல்கள் ஏற்றன. நடை எளிது, அதிலுள்ள பள்ளியும் தெருவும் நமக்குப் பழக்கமானவை.

செஞ்சி மாணாக்கர்க்கு வேறெவர்க்கும் இல்லாத பாடப்புத்தகம் ஒன்றும் உண்டு. அதுவே அவர்தங் கோட்டை. தொல்லியல் துறையார் நாட்டிய அறிவிப்புப் பலகைகளின் தமிழ்ப் பகுதியையும் ஆங்கிலப் பகுதியையும் ஒப்பிட்டு வாசித்தால், தானியக் களஞ்சியம், கொத்தளம், அகழி, கலியாண மகால் என்பவற்றிற்கெல்லாம் ஆங்கிலத்தில் யாது பெயர் எனக் கண்ணாற் கண்டே கற்கலாம். பொருளைத் தொட்டுக் கற்ற சொல் மறவாது.

வாசிக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். முதன்முறை வாசிக்குங்கால் அறியாச் சொல்லிற்காக நில்லாது, ஊகித்தே செல்க. இரண்டாம் முறை, பொருளைத் தடுக்குஞ் சொற்களை மட்டும் அகராதியிற் பார்க்க. மூன்றாம் முறை உரக்க வாசிக்க. நூறு சொல்லில் ஐந்தாறுக்கு மேல் அறியாதனவாயின், அந்நூல் இப்போதைக்கு உயர்ந்தது எனக் கொண்டு எளியதைத் தேடுக. இராஜகிரியின் உச்சி அடிவாரத்தினின்று ஏறத்தாழ 800 அடி உயரம். அதற்கும் படிகளே வழி.

எழுத்து

எழுத்துப் பயிற்சிக்கு யாம் சிறப்பாகக் கூற விரும்புவது இரட்டை மொழிபெயர்ப்பு என்னும் முறை. இங்கிலாந்து தேசத்து ரோஜர் ஆஸ்கம் என்னும் ஆசிரியர், இலத்தீன் பயிலும் சிறுவர்க்கு இம்முறையை வகுத்தார். அவர் நூல் 1570-இல், அவர் மறைந்தபின் வெளிவந்தது. இலத்தீன் பகுதியொன்றை மாணாக்கன் ஆங்கிலமாக்குவான். மூலத்தை மூடிவைத்துச் சிறிது நேரங் கழித்துத் தன் ஆங்கிலத்தை மீண்டும் இலத்தீனாக்குவான். பின் மூலத்தோடு ஒப்பிடுவான். அன்று ஆங்கிலச் சிறுவர் இலத்தீனுக்குச் செய்ததை இன்று நாம் ஆங்கிலத்திற்குச் செய்யலாம்.

ஐந்து ஆங்கில வாக்கியங்களை எடுத்துக்கொள்க. சிவாஜி 1677-இல் செஞ்சியைக் கைப்பற்றினார். முகலாயர் 1690-இல் முற்றுகை தொடங்கினர். 1698-இல் கோட்டை அவர் வசமாயிற்று. தேசிங்கு 1714-இற் போரில் மாண்டார். 1750-இற் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கொண்டனர் என்பன போன்ற செய்திகள் அவற்றில் அமைந்திருக்கட்டும். அவற்றைத் தமிழாக்கி, மூலத்தை மூடிவைத்து, இரண்டு நாள் கழித்துத் தமிழினின்று மீண்டும் ஆங்கிலமாக்குக. மூலத்தோடு ஒப்பிடுங்கால், ‘தி’ விட்ட இடமும், ‘இன்’ மறந்த இடமும், வினை மாறிய இடமும் வெள்ளிடைமலையாய்த் தோன்றும். ஆசிரியர் அருகில் இல்லாத இராப்பொழுதிலும் மூலமே ஆசிரியராய் நின்று திருத்துவது இம்முறையின் சிறப்பு. பின்னர் அவ்வாக்கியங்களையே செயப்பாட்டு வினையாக மாற்றுக, வினாவாக மாற்றுக, இரண்டை ஒன்றாகச் சேர்க்க. புதுச் சொல் ஒன்றுமின்றியே இலக்கணப் பயிற்சி பல இதனால் நிறைவேறும்.

கண்ட பிழைகளை ஒரு தனிக் குறிப்பேட்டில் மூன்று பத்தியாக எழுதுக: முதற் பத்தியிற் பிழை, இரண்டாவதில் திருத்தம், மூன்றாவதிற் காரணம். காரணம் எழுதாத திருத்தம் நிலைக்காது. ஒரு திங்கள் சென்றபின் அவ்வேட்டைப் புரட்டினால், நூறு பிழையும் ஏழெட்டு வகையுள் அடங்குதலைக் காணலாம். பகை நூறன்று, ஏழே என்று அறிந்தவுடன் அச்சம் பாதியாகும்.

கட்டுரைகளை முழுமையாக மனனஞ் செய்து தேர்வில் ஒப்புவிக்கும் வழக்கம் ஒன்று நம்மிடை உள்ளது. அது மதிப்பெண் தரலாம், மொழியைத் தாராது. வினா சிறிது மாறினும் மனனஞ் செய்தவன் திகைப்பான். சொந்தமாக எழுதிய நான்கு எளிய வாக்கியம், கடன்வாங்கிய நாற்பது அரிய வாக்கியத்தினும் மேலானது. பிழையோடு எழுதுவாரைக் கண்டு நகைத்தலும் நம்மிடையுள்ள கொடிய வழக்கம். ஒருவன் நகையால் மற்றொருவன் வாய் பல்லாண்டு மூடிக்கிடக்கும். திருத்துவோர் அன்போடு திருத்துக. நகைப்போர், தமிழைக் குழறிக் கற்ற அயல்நாட்டாரை நம் முன்னோர் நகைத்து விரட்டியிருந்தால் நமக்குச் சதுரகராதி ஏது என எண்ணிப் பார்க்க.

தமிழுக்கு ஊறாமோ?

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் எம்மை நோக்கி, ஆங்கிலப் பயிற்சியை வற்புறுத்துதல் தமிழுக்கு ஊறன்றோ எனச் சிலர் வினவலாம். மேலே கூறியவற்றை நோக்குவார்க்கு இவ்வையம் எழாது. ஐயுருபின் ஆற்றலை அறிந்தவனே ‘தி’யின் நுட்பத்தை விரைவில் அறிவான், பெயரெச்சத்தை உணர்ந்தவனே ‘விச்’ என்பதைத் தெளிவான். தமிழைப் புறக்கணித்துவிட்டு ஆங்கிலத்தைத் தேடுவோர் இரண்டிலும் அரைகுறையாய் நிற்பர். 1968 முதல் நம் மாநிலத்தில் நடைபெறும் இருமொழிக் கொள்கையில் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றிற்கு ஊன்றுகோலாதல் அக்கொள்கைக்கும் இயைந்ததே.

நடைமுறையையும் நோக்குக. மருந்துக் குப்பியின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். உயர்நீதிமன்றத் தீர்ப்பு எழுதப்படுவது ஆங்கிலம். செஞ்சி அரசர் வரலாற்றை விரித்துரைத்து, சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுத, 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பெருநூலும் ஆங்கிலமே. தம் ஊர்க் கதையைத் தாமே முழுமையாக வாசிக்க இயலாத நிலையில் செஞ்சிப் பிள்ளைகள் இருத்தல் தகுமோ? 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராத்தியர் காலத்துப் படையரண்கள் என 12 கோட்டைகள் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. இனி அயல்நாட்டார் பலர் இக்கோட்டையைக் காண வருவர். அவர்க்கு வழிகாட்டி, இது களஞ்சியம், இது குதிரைலாயம், இவ்விடத்தே எட்டாண்டு முற்றுகை நடந்தது என எடுத்துரைக்கத்தக்கவர் இம்மண்ணின் மக்களேயாவர். அவர்கள் வாய் திறவாரேல் வேற்றூரார் வந்து உரைப்பர். கதை நம்முடையது, ஊதியமும் புகழும் பிறருடையன ஆகும்.

முற்காலத்தில் இரு மொழியறிந்து இருசாராரையும் இணைத்தவரைத் துபாஷி என்றனர். புதுச்சேரித் துபாஷியாய் விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளை பிரெஞ்சுக்காரரோடு பழகியும் தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். பிற மொழி அவர்க்குப் பிழைப்பைத் தந்தது. தாய்மொழி அவர்க்குப் பெயரைத் தந்தது. நம் மாணாக்கர் இரண்டையும் பெறலாம்.

தாலந்துகளின் உவமையில் கண்டிக்கப்பட்டவன் குறைவாகப் பெற்றவன் என்பதற்காகக் கண்டிக்கப்படவில்லை. பெற்றதைப் புதைத்து வைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டான். நகரத்தார்க்கு ஐந்து தாலந்து, நமக்கு ஒன்று என வருந்தியிருத்தலாற் பயனில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிஷம் உரக்க வாசிப்பு, மூன்று புதுச் சொல், ஐந்து வாக்கியம், பிழையேட்டில் ஒரு வரி: இவ்வளவே யாம் வேண்டுவது. இதற்குப் பொருட்செலவு மிகுதியில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஊர்ப் பொது நூலகமும், விடாமுயற்சியும் போதும். கலாசாலையிற் பயிலும் நாமும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நம் தெருப் பிள்ளைகள் நால்வரை அழைத்து இவ்வாறு பயிற்றுவோமாக. அவர்களுள் ஒருவரேனும் நாளைக்குக் கலாசாலை வகுப்பில் தலைநிமிர்ந்து வினவுவாராயின், நாம் கற்ற கல்வி அவ்வளவிற்குப் பயன்பட்டதாகும்.